வராத பணத்துக்குக் கட்டிய வரி: ஜிஎஸ்டி மன்றத்துக்கு ஒரு சேலத்துப் பெயிண்டிங் மேஸ்திரியின் திறந்த மடல்

சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அங்கே தமிழ்நாட்டின் சார்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மாநில நிதி அமைச்சருக்கும்,

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியைச் செவ்வாய்ப்பேட்டையில் அடகு வைத்தேன். அந்தப் பணத்தில் 73,399 ரூபாய் அன்று மாலையே உங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் வரி 63,000. வட்டி 3,449. தாமதக் கட்டணம் 6,950. அந்த வரிக்குரிய வேலையை நான் முடித்துக் கொடுத்தது ஏப்ரல் கடைசியில். அந்த வேலைக்கான பணம் என் கைக்கு வந்தது அடுத்த ஜனவரியில். இடையில் கிடந்த அந்த ஒன்பது மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பெயிண்டிங், நீர்க்கசிவுத் தடுப்பு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். 1998-இல் உப்புத்தாள் தேய்க்கும் கையாளாகச் சேர்ந்தேன். 2009-இலிருந்து சொந்தமாக வேலை பிடிக்கிறேன். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. ஆகஸ்டிலேயே பதிவு செய்துகொண்டேன். எனக்கு வேலை தரும் ஆலைகள் ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லைத் தொட மாட்டோம் என்றார்கள், எண் வாங்கினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து போன வருடம் மே வரை ஒரு மாதம்கூடக் கணக்குத் தாக்கல் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் வரி கட்டாமல் ஓடுகிற ஆள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இதற்குக் கீழே எழுதுவது எதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஏற்காட்டில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரம். ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விடாது. மழை நின்றாலும் பனிமூட்டம் நிற்காது. சுவரில் பாசி பிடித்திருக்கும், சுரண்டினால் சிமென்டுப் பூச்சும் சேர்ந்து வரும். பட்டி பார்த்தால் காயாது. காயாத பட்டி மேல் பிரைமர் அடித்தால் ஆறே மாதத்தில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும். அதனால் மலையில் எங்களுக்கு வேலை நாள் என்பது ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய. மே மாதம் கோடை விழா, சீசன். அதற்குள் சாரத்தைப் பிரித்து, தரையைத் துடைத்து, பெயிண்ட் வாசனை போகிற அளவுக்கு அறையைத் திறந்து வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அத்தனை விடுதிகளுக்கும் ஒரே நேரத்தில் வேலை.

பணம்? அது சீசன் முடிந்த பிறகு. சீசன் முடிந்தால், "எடுத்ததெல்லாம் பேங்க் டியூவுக்கே போயிடுச்சுங்க, ஆயுத பூஜை லீவுக்குக் கூட்டம் வரும், அப்ப பார்த்துக்கலாம்ங்க." அப்புறம் தீபாவளி. அப்புறம் கிறிஸ்துமஸ். எஸ்டேட் பங்களா வேலை என்றால் கணக்கு வேறு. அவர்களுக்குக் காப்பிப் பழம் பறித்து, காய வைத்து, விற்று வந்தால்தான் காசு. நவம்பருக்கு முன்னால் கேட்டால், கேட்டவன் மேல்தான் தப்பு என்பதுபோலப் பார்ப்பார்கள். இவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். மலையில் காசு புரளும் மாதம் வேறு, வேலை நடக்கும் மாதம் வேறு. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கடன் வாங்கிச் சனிக்கிழமை பட்டுவாடா செய்கிறோம். பெயிண்டருக்கு 900, கையாளுக்கு 600. ஏப்ரல் வேலைக்கு ஜனவரியில் கூலி தருகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மலையில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம், நாளைக்கும் அந்த வழியாகத்தான் நான் போக வேண்டும். வேலை 6,00,000 ரூபாய், அதன் மேல் 18% வரி 1,08,000. ஆக 7,08,000. பிப்ரவரியில் முன்பணமாக 1,18,000 கொடுத்தார்கள். அதற்குள் இருந்த 18,000 ரூபாய் வரியை மார்ச்சிலேயே கட்டிவிட்டேன், ஏனென்றால் சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய உடனே வரி. (சரக்கு விற்பவர்களுக்கு முன்பணத்தின் மேல் வரி வேண்டாம் என்று 2017 நவம்பரிலேயே நீங்கள் விலக்குக் கொடுத்தீர்கள். எனக்குப் பெயிண்ட் விற்கும் கடைக்காரருக்கு அது உண்டு. அந்தப் பெயிண்டை அடிக்கிற எனக்கு இல்லை.)

நான்கு பெயிண்டர், ஐந்து கையாள், 58 நாள். கூலி மட்டும் 3,82,800. பெயிண்ட், ரசாயனம், பட்டி எல்லாம் ஒன்றரை லட்சம். வண்டி, சாப்பாடு, ஆட்கள் தங்க ஒரு ஷெட். எல்லாம் போக எனக்கு நிற்க வேண்டியது ஏறக்குறைய 40,000. ஏப்ரல் 30-ஆம் தேதி மீதிப் பணத்துக்குப் பில் கொடுத்தேன். வரி 90,000. அதில் சாமான் வாங்கியபோது ஏற்கெனவே வரியாகக் கட்டிய 27,000 கழிந்தது, இதைத்தான் இன்புட் என்பார்கள். மீதி 63,000-ஐ மே 20-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். அதாவது இந்த வேலையில் எனக்கு வரக்கூடிய லாபத்தைவிடப் பெரிய தொகையை, வேலைக்கான மீதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வராத நிலையில், இருபது நாளில் கட்டச் சொல்கிறது உங்கள் சட்டம். பிரிவு 13 என்கிறார் என் ஆடிட்டர். பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி, எது முந்தியோ அன்றைக்கு வரி. முன்பணம் வாங்கினால் பணம் முந்தி, அப்போதும் வரி. பில் போட்டால் பில் முந்தி, அப்போதும் வரி. எனக்குச் சாதகமாக ஒரு பக்கம்கூட அதில் இல்லை.

பில்லை மெதுவாகப் போட வேண்டியதுதானே என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார், நல்ல எண்ணத்தில்தான். வேலை முடிந்து 30 நாளுக்குள் பில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை விடுங்கள். பில் கொடுக்காமல் யாராவது பணம் கொடுப்பார்களா? பில்லைக் கொடுத்தால்தான் அது மேனேஜர் மேசையிலிருந்து முதலாளி மேசைக்கே போகும்.

63,000 இல்லை. 20,000 இருந்தது. இருப்பதைக் கட்டிவிட்டுக் கணக்கைத் தாக்கல் செய்யலாம் என்று பார்த்தால் முழுத் தொகையும் இல்லாமல், மாதக் கணக்கைக் காட்டி வரி கட்டும் 3பி படிவம் நகராது. சரி, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டேன். நான் செய்த தப்பு அது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கும் அந்தத் தப்பின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏப்ரல் மாதத்து 3பி நிலுவையில் இருந்ததால் மே மாத விற்பனை விவரம், அதுதான் ஜிஎஸ்டிஆர்-1, அதைப் போட முடியாமல் தளம் பூட்டிக்கொண்டது. மே மாதத்தில் நான் சங்ககிரிப் பக்கம் ஒரு ஆலையில் கூரைக் கசிவு வேலை முடித்திருந்தேன். ஒழுங்காகப் பணம் தருகிறவர்கள். வாங்கியவர்கள் எடுக்கக்கூடிய இன்புட்டைத் தளம் காட்டும் பட்டியல்தான் 2பி; அவர்களுடைய 2பி-இல் என் பில் தெரியவில்லை. தெரியாததால் அவர்களால் இன்புட் எடுக்க முடியாது. "மேஸ்திரி, பில்லு ஆன்லைன்ல வரட்டும், ஜிஎஸ்டி பணத்தை அப்புறம் விடுறோம்" என்று 18 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் பாருங்கள்: மலையில் ஒருவர் பணம் தராததால் நான் வரி கட்டவில்லை, நான் வரி கட்டாததால் கீழே இன்னொருவர் பணம் தரவில்லை, அவர் தராததால் பழைய வரியைக் கட்ட எனக்கு இன்னும் வழியில்லாமல் போனது. ஒரு பில் நின்றதில் நான்கு மாதக் கணக்கு நின்றது. ஜூனில், ஜூலையில், ஆகஸ்டில் செய்த சின்னச் சின்ன வேலைகளுக்கும் இதே கதை. 15 நாளில் தாக்கல் செய் என்று நோட்டீஸ் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில், மின்னஞ்சலில். என் மகள்தான் படித்துச் சொன்னாள். அந்த நோட்டீஸுக்குப் பிறகுதான் அவள் அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

தாமதக் கட்டணத்துக்கு ஒரு படிவத்துக்கு 2,000-க்கு மேல் போகாதபடி என்னைப் போன்றவர்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறீர்கள். அது 2021-இல் செய்த நல்ல காரியம். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்று இன்னும் ஏறியிருக்கும். என் குறை தாமதக் கட்டணத்தைப் பற்றியது அல்ல.

உங்கள் சட்டத்தின் பிரிவு 80-ஐப் பிற்பாடுதான் எனக்கு ஆடிட்டர் காட்டினார். வரி பாக்கியை 24 மாதத் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாமாம். மனசு குளிர்ந்தது. அடுத்த வரியில் ஒரு நிபந்தனை: தானே கணக்குக் கொடுத்து ஒப்புக்கொண்ட வரிக்கு இது பொருந்தாது. அதிகாரிகள் பிடித்து, விசாரித்து, இவ்வளவு பாக்கி என்று தீர்ப்பு எழுதினால் அந்தத் தொகைக்குத் தவணை உண்டு. நானாக வந்து 63,000 தர வேண்டும் என்று சொன்னால் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். இதை எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, எங்கள் ஊரில் இதைப் படித்துக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

180 நாள் விதி இன்னொன்று. எனக்குப் பணம் தர வேண்டியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் தராவிட்டால், என் பில்லை வைத்து அவர் எடுத்த இன்புட்டை வட்டியோடு உங்களிடம் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக, வாங்கியவர்கள் பணம் தராமல் இழுப்பார்கள் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு விதியும் போட்டு, அவரிடமிருந்து தொகையைத் திரும்ப வாங்கியும் கொள்கிறீர்கள். அப்போது நான் கட்டிய வரி? அது உங்களிடமே இருக்கும். ஒரே பில்லுக்கு நானும் கட்டியிருக்கிறேன், அவரும் திருப்பிக் கட்டியிருக்கிறார், எனக்கு மட்டும் பணம் வரவில்லை.

கடைசி வரை வராமலே போனால் இன்னும் மோசம். 2022-இல் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு வேலை செய்தேன். மண்டபம் கைமாறியது. பழைய முதலாளி புதியவரைக் காட்டினார், புதியவர் பழையவரைக் காட்டினார். அந்தப் பணம் போனது போனதுதான். அதற்கு நான் கட்டிய 27,000 ரூபாய் ஜிஎஸ்டியும் அதோடு போனது. வேலையில் குறை என்று விலையைக் குறைத்தால் கிரெடிட் நோட்டு போட்டு வரியைச் சரிக்கட்டலாம். ஆளே கம்பி நீட்டிவிட்டால் சட்டத்தில் வழி கிடையாது. வராக்கடனுக்கு வருமான வரியில் கழிவு உண்டு, ஜிஎஸ்டியில் கிடையாது.

சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே, புகார் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒப்பந்த வேலை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்றே நீதிமன்றங்களில் வழக்காடியிருக்கிறார்கள். வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒண்டிக்கடை முக்கில் ஒரு டீ குடிப்பதற்குள் மலை முழுக்கச் செய்தி பரவும் ஊர் ஏற்காடு. ஒருவர் மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஜனவரியில் எனக்குப் பத்து விடுதியிலும் வேலை இருக்காது. காலாண்டுத் திட்டம் இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். கணக்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு மாதத்துக்கும் பணம் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும்.

நான் கேட்கப் போவது புதிய சலுகை ஒன்றும் இல்லை. 2011 வரை சேவை வரியே பணம் கைக்கு வந்த பிறகு கட்டும் வரியாகத்தான் இருந்தது. அதை மாற்றியபோதும், 2012 ஏப்ரலிலிருந்து, முந்தைய ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்தைத் தாண்டாத தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் 50 லட்சம் வரை பணம் வந்த பிறகு கட்டலாம் என்று விட்டு வைத்தார்கள். ஜிஎஸ்டி வந்தபோது அந்த வசதி காணாமல் போய்விட்டது. ஏன் எடுத்தார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 2007-இல் வந்த மதிப்புக் கூட்டு வரியில்கூடக் கட்டட ஒப்பந்தக்காரர் மொத்தத் தொகையில் 2% கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க ஒரு இணக்க வழி இருந்தது. மதிப்புக் கூட்டு வரியை இன்னும் வைத்திருக்கும் பிரிட்டனில், ஆண்டு விற்றுமுதல் 13.5 லட்சம் பவுண்டு வரை உள்ளவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த பிறகு வரி கட்டலாமாம். நம் காசில் பல கோடி. அங்கே கோடிக்கணக்கில் தொழில் செய்பவருக்கு முடிகிறது, 34 லட்சம் புரளுகிற எனக்கு முடியாதா?

34 லட்சம் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் அதில் என் வீட்டுக்கு நின்றது மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு என்று வைத்திருக்கிறீர்களே, அது எப்படிப்பட்ட எண் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பெயிண்டர், ஆறு கையாள், ஒரு நாள் கூலி 7,200. வருடத்தில் 280 நாள் வேலை. கூலி மட்டுமே 20,16,000. ஒரு டப்பா பெயிண்ட் வாங்கவில்லை, எனக்கு என்று ஒரு ரூபாய் எடுக்கவில்லை, அதற்குள் வரம்பு தாண்டிவிட்டது. கூலிக்கு இன்புட்டும் கிடையாது. என் பில்லில் பாதிக்கு மேல் கூலிதான். அதன் மேல் முழுசாக 18%. இந்த 20 லட்சம் 2017-இல் வைத்தது. அன்றைக்கு என்னிடம் பெயிண்டருக்கு 550 ரூபாய் கூலி. வேலை பெருகாமலேயே நாங்கள் வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம்.

சரக்கு விற்பவர்களுக்கு மட்டும் 2019 ஏப்ரலில் 40 லட்சமாக உயர்த்தினீர்கள், தமிழ்நாடும் ஏற்றுக்கொண்டது. என் தெருவில் வன்பொருள் கடை வைத்திருப்பவர் 38 லட்சத்துக்குப் பெயிண்ட் விற்றாலும் பதிவு வேண்டாம். அதே பெயிண்டைச் சுவரில் பூசினால் அது சேவை. 20 லட்சம்தான்.

இதனால் ஊரில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். 18 லட்சம் வந்ததும் மீதி வேலையை மனைவி பெயரில் பில் போடுவது. அதுவும் நிறைந்தால் மச்சான் பெயரில். வீட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே, "பில்லோட எவ்வளவு, பில் இல்லாம எவ்வளவு?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு இன்புட் பயன்படாது, 18% சுத்தச் செலவு. பதிவு செய்யாத மேஸ்திரி என்னைவிட அந்த அளவுக்குக் குறைத்துப் பேசி வேலையைத் தூக்கிவிடுகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிப்பட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் தொழில் கற்றவர்கள்.

இன்புட் கழிக்காமல் மொத்த விற்பனையில் 6% மட்டும் கட்டும் இணக்கத் திட்டத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். 50 லட்சம் வரை சேவைக்கு அந்த வழி உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு அது சரிப்படும். ஆனால் அதில் நான் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, அவருக்கு இன்புட்டும் கிடைக்காது. ஆலைக்காரர்கள் அப்படிப்பட்ட பில்லைத் தொட மாட்டார்கள். பாதி வேலைக்கு இது, பாதி வேலைக்கு அது என்று வைத்துக்கொள்ளவும் முடியாது; ஒரு பான் எண்ணுக்கு ஒரே வழி.

இப்போது இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22-இலிருந்து நீங்கள் வரியைக் குறைத்தீர்கள். சிமென்டுக்கு 28-லிருந்து 18. ஊரே பாராட்டியது, நானும்தான். அதே நாளில், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள விடுதி அறைகளுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினீர்கள், இன்புட் கிடையாது என்ற நிபந்தனையோடு. ஏற்காட்டில் எனக்கு வேலை தரும் விடுதிகள் அநேகமாக எல்லாமே அந்த வாடகைக்குள் அடங்கியவை. முன்பு என் பில்லில் இருந்த 18 சதவீதத்தை அவர்கள் இன்புட்டாகக் கழித்துக்கொள்வார்கள். இப்போது முடியாது. அதனால் இந்த சீசனுக்கு விலை பேசப் போனபோது நான்கு இடத்தில் ஒரே வாக்கியத்தைக் கேட்டேன்: "போன வருஷம் ஆறு லட்சம் ப்ளஸ் ஜிஎஸ்டி. இந்த வருஷம் ஆறு லட்சம், ஜிஎஸ்டி உள்பட." சுற்றுலா வருபவருக்கு அறை மலிவானது நல்லதுதான். அந்த மலிவில் ஒரு பங்கை யார் தலையில் இறக்கி வைத்தார்கள் என்று பார்த்தீர்களா? ஆறு லட்சத்தில் வரி உள்பட என்றால் எனக்கு நிற்பது 5,08,000-த்துச் சொச்சம். போன வருடச் செலவே 5,60,000. நான்கில் இரண்டு வேலையை விட்டுவிட்டேன். இரண்டை எடுத்தேன், ஒரு அடுக்குப் பெயிண்டைக் குறைத்து. அடுத்த மழைக்கு அந்தச் சுவர்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடத்தில் அப்படி ஒரு வேலையை நான் செய்தது இதுதான் முதல் தடவை. அந்த இரண்டு பில்லுக்கும் பணம் இன்னும் வரவில்லை. வரி கட்ட வேண்டிய நாள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

மன்றத்தில் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களிடம் இருக்கிறது. ஆகவே இதை டில்லி பார்த்துக்கொள்ளும் என்று சென்னையும், மாநிலங்கள் கேட்கவில்லை என்று டில்லியும் சொல்ல வேண்டாம். நான் கேட்பது இவை.

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள சேவை வழங்குபவர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், பணம் வந்த மாதத்தில் வரி கட்டும் முறையைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்றரைக் கோடி அதிகம் என்றால் 2012-இல் இருந்த அந்த 50 லட்சத்தையாவது கொடுங்கள். வாங்கியவருக்கும் நான் வரி கட்டிய மாதத்தில்தான் இன்புட் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்கும் சீக்கிரம் பணம் கொடுக்க ஒரு காரணம் இருக்கும். என் மற்ற கோரிக்கைகள் எல்லாவற்றையும் மறுத்து இது ஒன்றை மட்டும் கொடுத்தால்கூட நான் வாய் திறக்க மாட்டேன்.

அது முடியும் வரை, 180 நாளில் பணம் தராதவர் இன்புட்டைத் திருப்பும்போது, அதே பில்லுக்கு நான் கட்டிய வரியை என் மின்னணுக் கணக்கில் வரவு வையுங்கள். பணம் வந்ததும் நான் மறுபடி கட்டிவிடுகிறேன். கல்யாண மண்டபம் மாதிரி அடியோடு போன கடனுக்கும் இதே வழி போதும்.

பிரிவு 80-இல் தானே ஒப்புக்கொண்ட வரிக்கும் தவணை கொடுங்கள். 24 மாதம் வேண்டாம், ஆறு மாதம் போதும். தவணை ஒழுங்காகக் கட்டும் வரை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைப் பூட்டாதீர்கள். பூட்டினால் பணம் தராதவருக்கு வலிக்காது, ஒழுங்காகத் தருகிறவரிடமிருந்தும் எனக்குப் பணம் வராமல் போகிறது.

சேவைக்கான பதிவு வரம்பை 40 லட்சமாக்குங்கள், சரக்குக்கு இருப்பதைப் போல. அதோடு, இன்புட் இல்லாத 5 சதவீதத்தைத் தங்கும் விடுதிகளுக்கு வைத்தபோது அவர்களுக்கு வேலை செய்யும் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு ஆய்வு செய்யுங்கள். ஏற்காட்டில் தொடங்கினால் நானே கூட வந்து சுவர்களைக் காட்டுகிறேன்.

கடைசியாக மாநில நிதி அமைச்சருக்கு: வணிகவரித் துறையிலிருந்து எங்களுக்கு வரும் நோட்டீஸ்கள் தமிழிலும் வர ஏற்பாடு செய்யுங்கள், அதற்கு மன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. மேலே சொன்ன முதல் கோரிக்கையை அடுத்த மன்றக் கூட்டத்தில் தமிழ்நாட்டின் சார்பில் எழுத்தில் வையுங்கள். வைத்தால் என்ன பதில் வந்தது என்பதையும் வெளியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டிங் ஒப்பந்தக்காரர்,
சேலம்